மெஸ்ஸியே குடிக்கிறாரே, அண்ணா!

மெஸ்ஸி, ரொனால்டினோ, போக்பா மூவருக்கும் வணக்கம்.

வடசென்னையிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கால்பந்து விளையாடச் சொல்லிக்கொடுக்கிறேன். லைசென்ஸ் வாங்கிய கோச் இல்லை; முட்டி போன பழைய ஸ்டாப்பர், கோல் பக்கம் வருகிறவர்களைத் தடுக்கிற ஆள், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்பார்கள். சென்னையின் எஃப்சி என்ற கிளப்புக்கு ஆடிய தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தவர்தான். கிரிக்கெட் ஊரில் இப்படியும் ஒரு மூலை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 2022 உலகக் கோப்பை சமயத்தில் நீங்கள் மூன்று பேரும் பெப்சிக்காக ஒரு விளம்பரத்தில் ஆடினீர்கள். ‘நட்மெக் ராயல்’ என்று பேர். தெருத்தெருவாக ஓடி, எதிரில் வருகிறவர்களின் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டுக்கொண்டே போகிற ஆட்டம். (அப்படித் தட்டுவதற்குத்தான் நட்மெக் என்று பேர். அகராதியில் தேடினால் ஜாதிக்காய் என்று வருகிறது. பையன்கள் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.) ஆட்டம் அழகு, பொய் சொல்ல மாட்டேன். ரொனால்டினோ சிரித்தால் பார்க்கிற நமக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

அந்த விளம்பரம் செல்போனில் சுற்ற ஆரம்பித்ததும் எங்கள் தெருவில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. யார் காலுக்கு நடுவே பந்து போகிறதோ அவன்தான் எல்லோருக்கும் கூல்டிரிங்ஸ் வாங்கித்தர வேண்டும். முன்பெல்லாம் பெட் மேட்ச் என்றால் தோற்ற டீம் புதுப் பந்துக்குக் காசு போடும். இப்போது அந்தக் காசு பெட்டிக்கடைக்குப் போகிறது. ஒன்பது மணி வெயிலில் ஆடிவிட்டு, மூச்சு வாங்க, கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து குடிக்கிறார்கள். பதினோரு வயதுப் பையன் ஒருவன் குடித்த கையோடு அடுத்த ஆட்டத்துக்கு ஓடினான். பத்தாவது நிமிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்துவிட்டான். வாயைத் திறந்தால் ஏப்பம்தான் வருகிறது, பேச்சு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் ஒரு பழைய பேப்பரை விரித்தேன். சர்க்கரை குறைக்காத கோலாவில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் 26 கிராம் வரை வரும். வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்து ஆறரை ஸ்பூன் அள்ளிக் கொட்டினேன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே சொல்கிறது என்றேன். பேப்பர் மேல் அந்தக் குவியலைப் பார்த்ததும் பிள்ளைகள் கொஞ்சம் அமைதியானார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அப்புறம் அந்த ஏப்பக்காரன்தான் கேட்டான்: “மெஸ்ஸியே குடிக்கிறாரே, அண்ணா! அவருக்கு ஒண்ணும் ஆகலையே?”

இதற்கு நான் சொன்னால் எடுபடாது. மெஸ்ஸி, பதில் உங்களிடம்தான் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே நீங்கள் வாந்தி எடுத்த காலம் ஒன்று இருந்தது, உலகமே பார்த்தது. ஏன் அப்படி ஆனது என்று 2018இல் அர்ஜென்டினா தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் நீங்களே சொன்னீர்கள். வருஷக்கணக்காகச் சாக்லேட், அல்ஃபஹோர் என்கிற உங்கள் ஊர் இனிப்பு பிஸ்கட், கேஸ் அடைத்த குளிர்பானம் என்று கண்டதையும் சாப்பிட்டேன், இப்போது மீனும் காய்கறியும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், வாந்தி நின்றுவிட்டது என்ற பொருளில். நேர்மையான பேச்சு. ஆனால் அந்தப் பேட்டி எங்கள் தெருவுக்கு வரவில்லை. விளம்பரம் மட்டும்தான் வந்தது.

போக்பா, நீங்கள் 2021இல் நடந்த யூரோ கோப்பையில் ஜெர்மனியை ஜெயித்த கையோடு பத்திரிகையாளர் முன்னால் உட்கார்ந்தீர்கள். மேசையில் இருந்த பீர் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தீர்கள். ஆல்கஹால் இல்லாத பீர்தான், இருந்தாலும் ஒதுக்கிவிட்டீர்கள். அதற்கு முந்தைய நாள் போர்ச்சுகலின் ரொனால்டோ இரண்டு கோகோ கோலா பாட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டியிருந்தார். ஸ்பான்சர்களுக்கான கடமையை மறக்க வேண்டாம் என்று போட்டியை நடத்தும் யூஃபா அமைப்பு அணிகளுக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று.

ரொனால்டினோ, உங்கள் கதை இதற்கெல்லாம் மூத்தது. 2012இல் நீங்கள் கோகோ கோலாவின் ஆள். ஆனால் சேர்ந்த அத்லெட்டிகோ மினெய்ரோ கிளப்புக்குப் பெப்சி ஸ்பான்சர். பேட்டி மேசையில் உங்கள் முன்னால் பெப்சி டின் இருந்தது என்று கோகோ கோலா ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது. உங்கள் முன்னால் ஒரு டின் இருந்தால் என்ன மதிப்பு என்று அந்தக் கம்பெனிகளுக்கு மிக நன்றாகத் தெரியும். எங்கள் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும்.

சரி, விளம்பரத்தை ஏன் தெருவில் எடுக்கிறார்கள்? நான் யோசித்த வரைக்கும் காரணம் இதுதான்: உலகக் கோப்பையின் குளிர்பான உரிமை 1978 முதல் கோகோ கோலாவிடம் இருக்கிறது. கோப்பையின் பெயரையோ சின்னத்தையோ பெப்சி தொட முடியாது. ஸ்டேடியம் கதவு மூடியிருக்கிறது, தெரு திறந்திருக்கிறது. 2014இலும் அப்படித்தான், மெஸ்ஸி, ரியோ தெருக்களைக் காட்டிய பெப்சி விளம்பரத்தில் நீங்கள் வந்தீர்கள். தெருவுக்கு யாரும் லைசென்ஸ் கட்டணம் கேட்பதில்லை.

சின்னப் பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதில்லை என்று பெரிய குளிர்பானக் கம்பெனிகள் வாக்குக் கொடுத்திருப்பது எனக்கும் தெரியும். பார்க்கிறவர்களில் பிள்ளைகள் எத்தனை பங்கு என்பதை வைத்துத்தான் அதைக் கணக்குப் போடுகிறார்கள். கால்பந்தை வீடே உட்கார்ந்து பார்க்கிறது. அதனால் பிள்ளைகளின் பங்கு குறைவு, விதி மீறவில்லை. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் குறைந்த பங்கில் எங்கள் தெரு முழுக்க அடங்கிவிடுகிறது.

விளம்பரத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. உங்கள் ஒப்பந்தம், உங்கள் பிழைப்பு. ரொசாரியோவிலும் போர்த்தோ அலெக்ரேயிலும் ரோய்சி-ஆன்-ப்ரியிலும் சின்ன வயதில் பந்தை உதைத்துவிட்டு நீங்கள் குழாயில் வாய் வைத்துத்தான் குடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு காட்சி கேளுங்கள்: ஆட்டம் முடிந்ததும் தெருக்குழாய், நீங்கள், தண்ணீர். மூன்று விநாடி போதும். அது நடக்காது என்றால், மெஸ்ஸி, 2018இல் சொன்னதை இன்னொரு தரம் செல்போனைப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்பானிஷிலேயே சொல்லுங்கள், தமிழில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முட்டி போன ஸ்டாப்பர்

பி.கு.: போன ஞாயிறு என் காலுக்கு நடுவிலேயே பந்தைத் தட்டிவிட்டார்கள். சட்டப்படி நான் வாங்கித்தர வேண்டும். பதினான்கு மோர் பாக்கெட் வாங்கித்தந்தேன். ஏப்பக்காரன் மட்டும் அது செல்லாது என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.