மாதம் ஓர் அட்டை கேட்காதீர்கள்

சிங்கப்பூர்க் கட்டுமான நிறுவன முதலாளிகளுக்கும் திட்ட மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். ஒருத்தர் கையில் பேனா இருக்கும், சுற்றிப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். 'நியர் மிஸ்' அட்டை, அதாவது விபத்தாக இருந்து மயிரிழையில் தப்பியதைச் சொல்லும் அட்டை, எழுதும் படலம் நடந்துகொண்டிருக்கும். ஆளுக்கு மாதம் ஓர் அட்டை கொடுத்தே ஆக வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. முதல் ஆள் 'ஏணியின் கால் ரப்பர் தேய்ந்திருக்கிறது' என்று எழுதுவார். அடுத்தவர் ரப்பரே இல்லை என்பார். மூன்றாமவர் ஏணி ஆடுகிறது என்பார். அப்படி ஓர் ஏணியே சைட்டில் இருக்காது. அடுத்த வாரம் ஆபீஸ் சுவரில் தாள் ஒட்டுவீர்கள்: தொழிலாளர் பங்கேற்பு 100 சதவீதம்.

நான் இங்கே வந்து பதினான்கு வருடமாகக் கம்பி கட்டுகிறேன். இந்த மாதிரி அட்டைகளை நானும் நிறைய எழுதியிருக்கிறேன், வெட்கம்தான். உண்மையை ஏன் எழுதவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

போன வருடம் ஒரு சைட்டில், நாலாவது மாடித் தளத்தில் பைப் போவதற்கு விட்ட துவாரத்தைப் பிளைவுட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். ஒரு நாள் பார்த்தால் அதில் ஆணி இல்லை. பூட்ஸ் நுனியால் தள்ளினால் பலகை நகர்கிறது. முதலில் அதைப் பார்த்தது அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார், இரண்டு ஆணியை எடுத்து அடித்தார், போய்விட்டார்.

"ஏன் தம்பி, சூப்பர்வைசர்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா, யாரு கழட்டுனதுன்னு என்னையத்தாண்ணே கேப்பாங்க. ஏஜென்ட் காசே இன்னும் அடையல."

பலகையைக் கழற்றியது பைப் வேலைக்காரர்கள்தான். அளவு பார்க்க எடுத்திருப்பார்கள், திரும்ப ஆணி அடிக்க மறந்திருப்பார்கள். அஞ்சாவது மாடியிலும் அதையேதான் செய்வார்கள். தம்பி சொல்லியிருந்தால் அன்றே அவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் அவருடைய வேலை பர்மிட்டை ரத்து செய்ய உங்களால் முடியும் என்பது அவருக்குத் தெரியும். அப்புறம் எப்படிச் சொல்வார்?

2004 ஏப்ரல் 20ஆம் தேதி, ரயில் சுரங்கப் பாதைக்குத் தோண்டிய குழி சரிந்து நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நான்கு பேர் இறந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. பிற்பகல் மூன்றரை மணிக்கு இடிந்தது. காலையிலேயே கீழே குழிக்குள் வேலை பார்த்தவர்கள் வழக்கத்தில் இல்லாத சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே கருவிகள் காட்டிய அளவுகளும் எச்சரித்திருந்தன என்று விசாரணைக் குழு சொன்னது. அந்த வருட விபத்துகளுக்குப் பிறகுதான் 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. என்னைப் போன்ற ஆளுக்கு மனதில் நிற்பது அந்தக் காலை நேரத்துச் சத்தம்தான்.

2022இல் 46 பேர் வேலையிடத்தில் இறந்தார்கள். கெடுபிடி கூடியது. அடுத்த வருடம் 36 ஆகக் குறைந்தது, 2024இல் மறுபடி 43. ஐம்பது லட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் 2024 ஜூனிலிருந்து கேமரா கட்டாயம். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆணி இல்லாத அந்தப் பலகை கேமராவில் மூடியபடிதான் தெரியும்.

வாசலில் 'விபத்தில்லாத நாள்கள்' என்று ஒரு பலகை வைக்கிறீர்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தாலும், லைட் டூட்டி (இலகுவான வேலை) கொடுத்தாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரிலிருந்து விதி. நான் இருந்த ஒரு சைட்டில் அந்தப் பலகையில் எண் முந்நூறைத் தாண்டியதும் எல்லாருக்கும் விருந்து என்றார்கள். இருநூற்றுச் சொச்சம் நாளில் ஒருத்தருக்குப் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு ஆணி ஏறியது. விருந்து கெட்டுவிடும் என்று எங்கள் ஆட்களே அவரை ஸ்டோருக்குள் உட்கார வைத்தார்கள். ராத்திரி சொந்தக் காசில் கிளினிக் போனார். முந்நூறாவது நாள் பிரியாணி போட்டார்கள், நானும் சாப்பிட்டேன்.

எல்லா இடமும் அப்படி இல்லை. அதற்கு முந்தைய சைட்டில் ஒரு சீன மேனேஜர் இருந்தார். கம்பிக் கட்டை ஒற்றைப் பட்டையில் தூக்குகிறார்கள் என்று எங்களில் ஒருவர் போய்ச் சொன்னார். அவர் உடனே கிரேனை நிறுத்தினார். அரை மணி நேரம் வேலை நின்றது. மறுநாள் காலை வேலைக்கு முன் நடக்கும் டூல் பாக்ஸ் மீட்டிங்கில், "நேற்று ஒருவர் சொன்னார், இனி இரண்டு பட்டை போட்டுத்தான் தூக்குவோம்" என்றார். பேரைச் சொல்லவில்லை. ஒருத்தர் தமிழிலும் இன்னொருத்தர் வங்காளத்திலும் எடுத்துச் சொன்னார்கள். அந்த வாரமே நாலைந்து பேர் அவரிடம் போய்ப் பேசினார்கள். ஒருவர் கையிலும் அட்டை இல்லை.

நான் கேட்பதும் அதுதான். மாதக் கணக்கை எடுத்துவிடுங்கள். யாராவது ஒன்றைச் சொன்னால் மறுநாள் காலை எல்லார் முன்னாலும் அதற்குப் பதில் சொல்லுங்கள். சரிசெய்ய முடியாது என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள். மீட்டிங்கில் இங்கிலீஷில் படபடவென்று வாசித்துவிட்டுக் கையெழுத்துத் தாளை நீட்டுகிறார்கள். 'அபாயம்' என்று பலகையில் மட்டும் தமிழ் இருக்கிறது. மீட்டிங்கிலும் இரண்டு நிமிடம் இருக்கட்டும்.

அந்தத் தம்பி இப்போது வேறொரு சைட்டில் ஏழாவது மாடியில் நிற்கிறார். நாளைக்கு மீட்டிங்கில், "நேற்று என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டோம். இரண்டு வாரம் விடாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
கம்பி கட்டும் தொழிலாளி ஒருவன்