செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது ஒளிப்படச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. ஆகஸ்டு 19, உலக ஒளிப்பட நாளன்று மாணவர்களுக்கான கண்காட்சி நடத்தப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, பொற்றையடி மருத்துவாழ்மலை உச்சியிலிருந்து அந்தியைப் படமெடுப்பது. கன்னியாகுமரிக் கடற்கரையில் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் சூரியனும் கடலுமே இருக்கும். மலையுச்சியிலோ சுசீந்திரம் கோபுரம், நாஞ்சில் நாட்டு வயல்கள், பழையாறு கடலில் கலக்கும் மணக்குடி, சாமித்தோப்பு உப்பளங்கள் அனைத்தும் காலடியில் விரிகின்றன. மார்கழியில் சூரியன் மேற்கிற்குத் தெற்கே ஒதுங்கிக் கடலில் மறைகிறது. ஆனியில் வடக்கே நகர்ந்து நிலப்பக்கம் இறங்குகிறது. ஒரே பாறையில் நின்று இவ்விரண்டையும் பதிவுசெய்ய வேண்டும் என்பதே திட்டம். ஒருமுறை ஏறினால் போதாதா என்று பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு இதுவே என் விடை.

மார்கழிப் படங்கள் சிறப்பாக அமைந்தன. நம் பகுதியில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், அதன் விளிம்பு தொடுவானைத் தொட்டபின் முழுதும் மறைய இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. கேமராவில் விழும் ஒளியின் அளவை, அதாவது எக்ஸ்போஷரை, வானத்திற்கு வைத்தால் வயல்கள் கருத்துவிடுகின்றன, வயலுக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடுகிறது. ஆகவே கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, வெவ்வேறு எக்ஸ்போஷரில் அடுத்தடுத்து எடுத்துப் பின்னர் இணைத்தோம். சூரியன் மறைந்ததும் பலர் பையைக் கட்டிவிடுகிறார்கள். நமது நல்ல படங்களோ அதன்பின் வந்த கால் மணி நேரத்தில், வானுக்கும் மண்ணுக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்து, நீர் நின்ற பாத்திகளில் செம்மை படர்ந்தபோது கிடைத்தவை.

அதுவரை காத்திருந்தால் இருட்டில்தான் இறங்க வேண்டும். அந்தப் பாறை வழியில் தனியே இறங்குவது ஆபத்து என்பதால், மூவராவது இருந்தால்தான் ஏறுவது என்று செயற்குழு தீர்மானித்தது. ஆனி மாத ஏற்றத்திற்குப் பெயர் கொடுத்தவர்கள் அன்று பிற்பகலில் ஒருவர்பின் ஒருவராக வர இயலாது என்று அறிவித்ததால் அது கைவிடப்பட்டது. தொடரின் மறுபாதி இல்லாமலே போயிற்று. மழைமேகம் காரணமாகச் சொல்லப்பட்டது. மேகமில்லாத வானத்தில் அந்தியின் நிறம் தங்க இடமேது என்பதை ஒளிப்படக் கலைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாக உள்ளன. விவரங்களைப் பொருளாளரிடம் காணலாம். சந்தா நிலுவை கணிசமாக உள்ளது. உச்சிக் காற்றில் இலேசான ட்ரைபாட் நடுங்குவதால், சங்கத்திற்கென உறுதியான ஒன்றை வாங்க எடுத்த முடிவு இதனால் நிறைவேறவில்லை.

கண்காட்சிக்கு இடமளித்த பள்ளிக்கும், செயற்குழுவினருக்கும், மலையடிவாரத்தில் எங்கள் வாகனங்களைப் பார்த்துக்கொண்ட தேநீர்க்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

வரும் ஆனியில் ஏறுவதற்கு உறுதியான துணை கிடைத்தால் இப்பொறுப்பில் தொடர ஆயத்தமாக உள்ளேன். இல்லையெனில் இளைய உறுப்பினர் ஒருவர் ஏற்பதே நன்று. ஏற்றத்திற்கான பதிவேடும் சந்தா ரசீதுப் புத்தகமும் கூட்டம் முடியும்வரை மேசையில் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்