கைது முதல் பக்கத்தில், விடுதலை உள்பக்கத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு வருஷக்கணக்கில் உள்ளே இருந்தவர் நிரபராதி என்று விடுதலையானால், அந்தச் செய்தி உள்பக்கத்தில் நாலு வரியோடு முடிந்துவிடுகிறது. அவரே கைதானபோது முதல் பக்கம், கொட்டை எழுத்து, படம். என் அண்ணாவுக்கும் அப்படித்தான் நடந்தது.

2009 தை மாதம் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தவரைக் கூட்டிப் போனார்கள். அப்போது அவருக்கு வயது 24. அடுத்த நாள் ஒரு பத்திரிகையில் பெயர், ஊர், படம் எல்லாம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ9 பாதை மூடியிருந்த காலம். முதல் வருஷம் அம்மாவால் போய்ப் பார்க்கவே முடியவில்லை. பாதை திறந்த பிறகு ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் இரவு பஸ்ஸில் போவார். பிட்டும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு போவார். வாசலில் நிற்பவர்கள் அந்தப் பிட்டைக் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அம்மாவுக்கு அதுதான் பெரிய மனவருத்தம். "சாப்பாட்டையும் நம்பேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார்.

தவணை, தவணை, தவணை. சாட்சி சொல்ல வேண்டிய அதிகாரி வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லை. நீதிபதி இடம் மாறிவிட்டார். அம்மாவின் தாலிக்கொடி அடைவுக்குப் போய் அங்கேயே மூழ்கிவிட்டது.

வழக்கில் இருந்த ஒரே சாட்சியம் அண்ணாவின் வாக்குமூலம். அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியது. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இந்தப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் எடுத்தால் செல்லும். அது விரும்பிக் கொடுத்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில்தான். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. தடுப்புக் காவல் அப்போது 18 மாதம் வரை போகலாம். 2022இல் அதை 12 ஆகக் குறைத்தார்கள். சரி, குறைத்தது நல்லதுதான். ஆனால் அதற்குப் பின், வழக்கு முடியும்வரை வைத்திருக்கும் விளக்கமறியலில்தானே எங்கள் பிள்ளைகளின் வயது போகிறது? கடைசியில், வாக்குமூலம் விரும்பிக் கொடுத்ததா என்று பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணையில் அந்த வாக்குமூலம் தள்ளுபடியானது. வேறு சாட்சியம் இல்லாததால் வழக்கும் அதோடு முடிந்தது. அதைச் சொல்ல ஏன் இத்தனை வருஷம்?

அம்மா மாதா மாதம் அண்ணாவின் ஸ்பானர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாய்த் துடைத்து, எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைப்பார். அண்ணா வந்தபோது ஒன்றிலும் துரு இல்லை. ஆனால் அவர் பழகியதெல்லாம் காபரேற்றர் வைத்த எம்டி 90 மோட்டார் சைக்கிள். தெருவில் ஓடியதெல்லாம் ஸ்கூட்டி. பாதியில் நின்ற வண்டி ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெடியன் கொண்டுவந்தான். கழற்றிப் பார்த்துவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டு, "வேறை ஆரிட்டையும் காட்டு தம்பி" என்றார். இப்போதும் வாசலில் வாகனம் நின்றால் எழும்பி நிற்கிறார். வெளிச்சத்தை அணைத்தால் நித்திரை இல்லை. கல்யாணம் பேசினோம். மூன்று இடத்தில் பழைய பத்திரிகைப் படத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள்.

இழப்பீடு கேட்கலாமே என்பார்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்தில் அண்ணா எங்கே இருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது. 1980இல் இலங்கை ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கை, சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது. அண்ணாவை வைத்திருந்ததோ சட்டப்படியாம்! விடுதலையான அன்று அவர் கையில் கொடுத்தது ஒரு பழைய பேர்ஸும் சாரமும் மட்டும். இப்படி வெளியே வருகிறவர்களுக்கு இழப்பீடு கொடுக்கத் தனியாகவே ஒரு சட்டம் வேண்டும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் மேடையில் பேசுவதோடு நிற்காமல் அதை எழுதிக் கொண்டுவரட்டும்.

அதற்குக் காலம் எடுக்கும். உங்களால் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கைதுச் செய்தி எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வந்ததோ, விடுதலைச் செய்தியையும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். மற்றப் பத்திரிகைகளையும் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இதை அண்ணாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவர் உள்ளே இருந்தது ஒன்பது வருஷம் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அதை மட்டும் திருத்தச் சொன்னார். ஒன்பது வருஷமும் நாலு மாதமும்.

இப்படிக்கு,
தங்கை ஒருத்தி,
யாழ்ப்பாணம்.
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தரப்பட்டுள்ளன)