போனில் எழுதலாம், மைனியைத் திருத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போனில் கதை எழுதுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயலியில் எழுதினால் எழுத்தில் உயிர் இருக்காது என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். மேஜையும் ஓய்வும் உள்ளவர்கள் அப்படிச் சொல்லலாம். நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டு இருக்கும்போது இரண்டு கையும் இலையிலும் தூளிலும் இருக்கும். வாய் மட்டும்தான் சும்மா இருக்கும். அந்த வாயை வைத்துத்தான் கதை எழுதுகிறேன்.

2017-இல் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. இப்போது வேறு செயலிகளிலும் அந்த வசதி இருக்கிறது. பேசப் பேச எழுத்து ஓடும். என் போனில் புள்ளி, கமா எதுவும் விழாது. அத்தை கோழி விரட்டுகிற சத்தமும் சில நேரம் கதைக்குள் போய்விடும். அது பரவாயில்லை. இரவில் செல்லினம் என்ற தட்டச்சுச் செயலியைத் திறந்து தமிழ்99 விசைப்பலகையில் சரிசெய்துகொள்வேன். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. 'க'வை இரண்டு தடவை தட்டினால் அதுவே புள்ளி வைத்து 'க்க' ஆக்கிவிடும். பழகிவிட்டால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவதைவிட வேகம்.

என் வருத்தம் வேறு. போன் நம்ம பேச்சைத் திருத்துகிறது. "மைனி என்ன செய்யுதிய" (அண்ணி, என்ன செய்கிறீர்கள்) என்று சொன்னால் "மணி என்ன செய்தியை" என்று விழுகிறது. விரலால் அடித்தாலும் தப்ப முடியாது. 'சொல்லுதாவ' என்று தொடங்கும்போதே மேலே 'சொல்கிறார்கள்' என்று எடுத்து நீட்டும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டால், பாபநாசம் பஸ்ஸில் போகிற ஆச்சி திடீரென்று ரேடியோ செய்தி வாசிப்பதுபோல் பேச ஆரம்பித்துவிடுவாள்.

தானாகத் திருத்துவதை விசைப்பலகை அமைப்பில் அணைத்துவிடலாம். அங்கேயே தனிப்பட்ட அகராதி என்று ஒன்று இருக்கும். வாராவ, போறாவ, அவிய, ஏட்டி என்று தோன்றுவதை எல்லாம் அதில் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது போனே எடுத்துக் கொடுக்கிறது. எழுத்தாளர் கி.ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சு வழக்குக்கென்று தனி அகராதி கொண்டுவந்தது 1982-இல். அப்போது அவருடைய ஊரான இடைசெவலும் நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாதிரித் தொகுப்புகள் போனுக்குள் போனால் என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு சொல்லாக ஊட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாவி, வாணி போன்ற பிழைதிருத்திகள் சந்தியும் எழுத்தும் பார்க்க நன்றாக உதவுகின்றன. அவை எழுத்துத் தமிழுக்காகச் செய்தவை. அதனால் கதை சொல்லும் பகுதியை மட்டும் அவற்றில் போடுவேன், பேச்சு வரிகளைக் கண்ணிலேயே காட்ட மாட்டேன்.

அப்புறம் இந்தச் செயற்கை நுண்ணறிவு. நெல்லைப் பேச்சில் ஓர் உரையாடல் கேட்டுப் பார்த்தேன். வரிக்கு வரி 'ஏலே' போட்டுத் தந்தது. மகன் அப்பாவைப் பார்த்து "ஏலே, சாப்பிட்டியா" என்கிறான்! எங்கள் தெருவில் அப்படிக் கேட்டவனுக்கு அன்றைக்குச் சோறு கிடைத்திருக்காது. சினிமாவில் கேட்ட நெல்லையை வைத்துக்கொண்டு பேசுகிறது, பாவம். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தானே வயது, சொந்தம், மரியாதை, பழைய சண்டை எல்லாம் தெரியும்? அதைக் கருவியிடம் கேட்டு வாங்கிப் போடுகிறவர்களைக் கட்டுரையாளர் திட்டட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். வெறுமனே போனில் எழுதுகிறவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் கதைகளைப் பிழைதிருத்தும் மென்பொருளில் போட்டு எடுப்பதுண்டா? உண்டு என்றால், மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். அந்த உறுதியை உங்கள் கதைப் போட்டி அறிவிப்பிலேயே போட்டுவிட்டால் கதையை அனுப்பிவைக்கிறேன். யூனிகோடிலேயே அனுப்பலாமா என்பதையும் தெரிவியுங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தர இங்கே டி.டி.பி. கடைக்குத்தான் அலைய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்