காப்பியடித்தவர் என்று எழுதுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், பாட்டரியும் மின்சாரக் காரும் செய்யும் சீன நிறுவனமான பிஒய்டியின் தலைவர் வாங் சுவான்ஃபூவை, "ஜப்பான்காரர்களின் பாட்டரியைக் காப்பியடித்துக் கார் முதலாளி ஆனவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாட்டரித் தொழிலில் இருப்பவனுக்கு அந்த வரி உறுத்துகிறது.

1995இல் உறவினரிடம் 25 லட்சம் யுவான் வாங்கி, சுமார் 20 பேருடன் சீனாவின் ஷென்ஜென் நகரில் நிக்கல்-காட்மியம் பாட்டரி செல் செய்யத் தொடங்கினார் அவர். ஜப்பானியத் தானியங்கி உற்பத்தி லைன் வாங்கப் பணமில்லை. லைனைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்து, ஆட்களைக் கொண்டே செய்ய வைத்தார். சொல்லச் சுலபம். செல்லின் நேர், எதிர் மின்முனைத் தகடுகள் இரண்டையும் நடுவே பிரிப்பான் தாளையும் சேர்த்துச் சுருட்டும்போது கொஞ்சம் கோணினால் தகடுகளின் ஓரங்கள் தொட்டு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். தகட்டிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுவரும் உலோகப் பட்டையை (tab) வெல்டிங் செய்யும்போது நிற்கும் ஒரு பிசிறு தாளைக் குத்திவிடும். உள்ளே ஊற்றும் எலக்ட்ரோலைட் திரவம் குறைந்தால் செல் முழுத்திறன் தராது. கூடினால் சீல் வழியே கசியும். ஒருவர் கைபோல இன்னொருவர் கை இருக்காது. அதனால்தான் அளவைக் கையிடம் விடாமல், பொருளைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் சட்டங்களான ஜிக்கிலும் ஃபிக்ஸரிலும் வைத்தார்கள். இதற்குப் பெயர் காப்பியா?

சோனி 2003இல் டோக்கியோவில் பிஒய்டி மீது பாட்டரிக் காப்புரிமை வழக்குப் போட்டது. 2005இல் அந்தக் காப்புரிமையே செல்லாது என்று ஜப்பானிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தங்களுக்குத் தெரியாததல்ல. அவரது எஃப்3 கார் டொயோட்டா கொரோலாவின் சாயலில் இருந்தது உண்மை. அதை எழுதுங்கள், நானே ஒப்புக்கொள்கிறேன். பாட்டரியை அதோடு சேர்க்காதீர்கள்.

"பஃபெட் கண்டெடுத்தவர்" என்று முன்பொருமுறை எழுதினீர்கள். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் நிறுவனம் 23 கோடி டாலர் பிஒய்டியில் போட்டது 2008இல். மோட்டோரோலாவுக்கும் நோக்கியாவுக்கும் அவர் செல் கொடுக்கத் தொடங்கி அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. 2003இல் சீஆனில் நலிந்த கார் கம்பெனியை வாங்கியபோது பங்கு விலை சரிந்தும் பின்வாங்காதவர் அவர்.

2020இல் வந்த பிஒய்டியின் பிளேடு பாட்டரியை "மலிவான சரக்கு" என்றதுதான் மிகவும் வருத்தியது. அது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருக்கும். சூடேறினாலும் எளிதில் வெளியேறாது. நிக்கல் அதிகமுள்ள லித்தியம் செல்லில் அந்த ஆக்சிஜன் வெளியேறித் தீயை வளர்க்கும். பாஸ்பேட் செல்லின் குறை, அதே எடைக்குக் குறைந்த மின்சாரமே பிடிக்கும் என்பது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஏறக்குறைய 96 செ.மீ. நீளத்தில் ஒல்லியான செல்களாகச் செய்து, செல்களைச் சிறு தொகுதிகளாக அடைக்கும் மாட்யூல் பெட்டிகளே இடையில் இல்லாமல், காரின் முழு பாட்டரிப் பெட்டியான பேக்கில் நேராக அடுக்கினார்கள். மிச்சமான இடத்தில் கூடுதல் செல் ஏறியது.

தயவுசெய்து அடுத்த இதழில் ஒரு திருத்தமாவது போடுங்கள். கட்டுரையில் மூன்று இடத்தில் "லித்தியம் அயர்ன்" என்பதும் "லித்தியம் அயன்" என்பதும் ஒன்றாகவே அச்சாகியிருக்கின்றன. அயர்ன் என்றால் இரும்பு. அயன் என்றால் அயனி, அதாவது மின்னேற்றம் கொண்ட அணு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், ஓசூர்