ஆட்டுத் தலைக் கோப்பை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'ஷாஜகானின் மதுக் கோப்பை, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்த்தேன், அழகு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். போயும் போயும் மதுக் கோப்பையா என்று உன் அம்மாவுக்கு வருத்தம். எனக்கோ அந்தக் கழுத்தை விட்டுக் கண் நகரவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார். நெடுக்காகப் பிளந்த சுரைக்காய் போல அகன்ற வாய். அது அப்படியே ஒடுங்கி, வளைந்து, காட்டாட்டின் தலையாகிவிடுகிறது. சுரைக்காய் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது, கோடு போட்டுக் காட்டு பார்ப்போம்! அடியில் தாமரை இதழ்கள், அவற்றிலிருந்து விரியும் அகாந்தஸ் என்ற செடியின் இலைகள். சுரைக்காய் வடிவம் சீனத்து வழக்கம், அந்த இலை ஐரோப்பியருடையது, தாமரை நம் நாட்டுடையது. இத்தனை ஊர்ச் சரக்கையும் ஒரே பாத்திரத்தில் வைத்தால் திருவிழாக் கடை மாதிரிதான் இருக்க வேண்டும். இது அப்படி இல்லை.

முழுவதும் ஒரே கல், அதுவும் வெள்ளை ஜேட். நாற்பது வருடம் திருச்சியில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவன் சொல்கிறேன், இதை உளி வைத்துச் செதுக்க முடியாது. இழை இழையாகப் பின்னிக் கிடக்கும் கல் அது. அதைவிடக் கடினமான கல்லைப் பொடியாக்கி, நீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் வடிவத்தை வரவழைக்க வேண்டும். குருந்தம் தெரியுமல்லவா, நம் பட்டறையில் சாணைக்கு வைத்திருப்போமே? ஆங்கிலத்தில் அதைக் கொரண்டம் என்பதே நம்மிடமிருந்து போன பெயர்தான். உன் அலுவலகத்தில் சொல்லிவை.

நான் தீட்டியதெல்லாம் தட்டையான முகங்கள். ஒரு பட்டை தவறினால் கல்லை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பேன். இந்தக் கோப்பையைச் செய்தவனுக்கு அடுத்த கல் ஏது? 18.7 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம். உள்ளே குடைய வேண்டும், வெளியே இதழ்களைப் புடைப்பாக விட வேண்டும், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குச் சுவரை மெலிக்கவும் வேண்டும். கடைசி நாளில் கை கொஞ்சம் அழுத்தியிருந்தால்? நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

அதில் ஷாஜகானின் பட்டமும் ஹிஜ்ரி 1067 என்ற ஆண்டும் பொறித்திருக்கிறது. நம் கணக்கில் 1657. அந்த ஆண்டே அவர் நோயில் விழுந்தார். மறு ஆண்டு மகன் ஔரங்கசீப் அவரை ஆக்ரா கோட்டையில் அடைத்துவிட்டார். இதில் எத்தனை முறை குடித்தாரோ, பாவம். பிறகு கோப்பை ஓர் ஆங்கிலேயக் கர்னலிடம் போயிருக்கிறது, யுகோஸ்லாவிய ராணி மரியாவிடமும் இருந்திருக்கிறது, 1962இல்தான் நீ பார்த்த இடத்துக்கு வந்தது. இத்தனை பேர் எடுத்து வைத்ததை நினைத்தால் எனக்கு அந்தக் கொம்பைப் பற்றித்தான் கவலை.

அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை என்று நீதானே சொன்னாய். இன்னொரு முறை போய்வா அம்மா. இந்த முறை குனிந்து, கீழிருந்து ஒரு படம் எடு. கோப்பை நிற்பதே அந்தத் தாமரையின் மேல்தான். இதழ் இடுக்கில் மெருகு எப்படி ஏற்றியிருக்கிறான் என்று நான் பார்க்க வேண்டும். இவ்வளவு நேரம் என்ன பார்க்கிறாய் என்று காவலர் கேட்டால், அப்பா கல் வேலைக்காரர் என்று சொல்.

அன்புடன்,
அப்பா