தடைக்காலம் 61 நாள்

அன்பு நண்பா,

உன் திரைக்கதை வந்து சேர்ந்தது. ஒரே மூச்சில் ஒரு தடவை, பென்சிலோடு ஒரு தடவை படித்தேன். வீட்டில் எல்லோரும் சுகம். தண்டையார்பேட்டையில் வெயில்தான் இறங்குவேனா என்கிறது.

மீனவ அப்பா, மகள், ஆயா என மூன்றே பேரை வைத்து, யார் கையிலும் அரிவாள் இல்லாமல் ஒரு காசிமேட்டுக் கதை எழுதியிருக்கிறாய். அதற்காகவே இந்தப் படம் வர வேண்டும். ஆனால் போதையை விடும் பகுதியை நீ மறுபடி எழுதத்தான் வேண்டும். உள்ளதைச் சொன்னால்தானே உனக்கு உதவி.

அப்பா கட்டிலில் கிடக்கும் இரவை எடுத்துக்கொள். கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறார். அது குடியை நிறுத்தியவருக்கு வருவது. குடி நிறுத்திய 2, 3 நாளில் அப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. உன் ஆள் போடுவது வலி மாத்திரை, டேபன்டடால். அபின் வகையைச் சேர்ந்தது, அதன் அடையாளங்களே வேறு. கடைசி மாத்திரை போட்டு 8, 10 மணி நேரத்தில் கொட்டாவி ஆரம்பிக்கும், விடாமல் வரும். மூக்கும் கண்ணும் ஒழுகும். தோல் உரித்த கோழி போல உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகப் புல்லரிக்கும். வயிற்றைப் பிசைந்துகொண்டு போகும். படுத்தால் கால் சும்மா இருக்காது, பாயை உதைத்துக்கொண்டே இருக்கும். 2ஆம், 3ஆம் நாள்தான் உச்சம். ஒரு வாரத்தில் உடம்பு தணியும், தூக்கம் மட்டும் பல வாரம் திரும்பாது. பொதுவாக இதில் உயிர் போவதில்லை. ஆனால் பேதியில் நீர் வற்றினால் ஆபத்துதான்.

கத்துவதைவிடக் கொட்டாவி நடிக்கச் சுலபம், பார்க்கவும் பயங்கரம். ஒருவர் நாற்பது தடவை கொட்டாவி விடுவதை மகள் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும், வசனமே வேண்டாம்.

இன்னொன்று, கண்மணி. மாத்திரை உள்ளே இருந்தால் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், இல்லாமல் தவிக்கும்போது அகலமாக விரியும். போதைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நுழையும்போதே இதைத்தான் பார்ப்பார்கள். நம் ஆட்களுக்கோ கருவிழியே கறுப்பு, நேர் வெளிச்சத்தில் கண்மணி தனியாகத் தெரியாது. பக்கவாட்டில் விளக்கு வைத்து மிக அருகில் எடு. சுருங்கிய கண் வேண்டுமானால் பளிச்சென்ற வெளிச்சத்திலும், விரிந்த கண் வேண்டுமானால் இருட்டில் சற்று நேரம் உட்காரவைத்தும் எடு. நடிகரால் இதை நடித்துக் காட்ட முடியாது, வெளிச்சம்தான் நடிக்கணும்.

மறுவாழ்வு விடுதியில் அவரைச் சங்கிலியால் கட்டிவைக்கும் காட்சியை எடுத்துவிடு, இல்லையென்றால் அது குற்றம் என்று படத்திலேயே யாராவது சொல்லட்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் வரும். கட்டிவைத்தால் திருந்துவான் என்று ஊர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிறது. உன் படமும் அதையே சொல்ல வேண்டாம், ப்ளீஸ்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. விட்டுவிட்ட பிறகான நாட்களை உன் படம் அவசரமாகத் தாண்டிப் போகிறது. கதையே அங்கேதானடா தொடங்குகிறது!

மருத்துவர் அவருக்குப் பியூப்ரநார்ஃபின் கொடுப்பார், நாலாக்சோன் கலந்த மாத்திரை. இதுவும் அபின் வகைதான், ஆனால் தவிப்பை அடக்கக் கொடுப்பது. அவசரப்பட்டுக் கொடுத்துவிட முடியாது. பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு இது உட்காரும், ஒரு மணி நேரத்துக்குள் தவிப்பு மொத்தமும் ஒன்றாக வந்து மேலே விழும். அதனால் 12 மணி நேரமாவது காத்திருந்து, கொட்டாவியும் புல்லரிப்பும் நன்றாகத் தெரிந்த பிறகு 2 அல்லது 4 மில்லிகிராம் கொடுத்து, ஓரிரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் அளவைக் கூட்டுவார்கள். அந்தக் காத்திருப்புதான் ரொம்பக் கஷ்டம். கையில் மருந்து இருக்கிறது, நர்ஸ் தரமாட்டேன் என்கிறார். ஆயா சண்டை போடுவதாக வை, கச்சிதமாகப் பொருந்தும்.

அந்த மாத்திரையை விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் கரைய வேண்டும். 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை பேச்சு இல்லை, தண்ணீர் இல்லை, எச்சிலும் விழுங்கக் கூடாது. கரைந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்கிவிட்டு, பல் கெடாமல் இருக்க ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் தேய்க்கணும். இதைத் தினமும் காலையில் செய்யும் ஓர் அப்பாவை நினைத்துப் பார். பள்ளிக்குப் போகும் வழியில், மருந்து தரும் மையத்துக்குக் கூடவே வந்த மகள் அத்தனை நாளும் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டுகிறாள்: "ஏன் நைனா என் கொலுசை வித்தே?" அவரால் வாய் திறக்க முடியாது. கண்ணால்தான் பதில் சொல்ல முடியும். கரைந்து முடிவதற்குள் அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விடுகிறாள். உன் படத்தின் உயிரே அந்தப் பத்து நிமிடம்தான் என்று எனக்குப் படுகிறது.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள், கேட்கட்டும். அளவோடு கொடுத்தால் இது தவிப்பையும் ஏக்கத்தையும் அடக்கும், மனிதரை வேலைக்கு அனுப்பும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தேவைப்படும். வியர்வையும் மலச்சிக்கலும் கூடவே வரும். போதையை விட்டவர்கள் கூடிப் பேசும் நார்கோடிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அவரை அனுப்புகிறாய், நல்லது. ஆனால் இந்த மருந்தில் இருப்பவரைச் சுத்தமானவர் என்று எண்ண மறுப்பவர்கள் அங்கேயும் சிலர் உண்டு. அந்த மனவருத்தத்தையும் காட்டு. அங்கே தரும் சாவிக்கொத்து அட்டைகளைக் கவனி: வந்த அன்று வெள்ளை, 30 நாளுக்கு ஆரஞ்சு, 60 நாளுக்குப் பச்சை, 90 நாளுக்குச் சிவப்பு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது பார். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அவரை ஃபைபர் படகில் வைத்திருக்கிறாய், அதற்குத் தடை கிடையாது. விசைப்படகுக்கு மாற்று. தடை தொடங்கும் அன்று நிறுத்துகிறார் என்று வை, கூலி போகுமே என்ற பேச்சும் வராது. பச்சை அட்டை கைக்கு வரும் நாள் ஜூன் 14. அன்று நள்ளிரவுக்குப் பிறகு படகு இறங்கும்.

அங்கே இரண்டு சிக்கல். தங்கு கடலுக்குப் போனால் திரும்பப் பல நாள் ஆகும், மாத்திரையோ தினமும் மையத்தில் கண்முன்னே கொடுப்பது. கையோடு கொடுத்தனுப்பலாமா என்பதை மருத்துவர் நிலைமை பார்த்து முடிவு செய்வார். நம்பிக்கை என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே அதைப் பற்றிப் பேசும் காட்சி அது. அடுத்தது பணம். டீசல், ஐஸ், அரிசி பருப்புச் செலவு கழித்து, பங்கு பிரித்துக் கையில் ரொக்கமாகத் தருவார்கள். கூடவே தோள்வலி, கூடவே பழைய கூட்டாளி. மூன்றும் ஒரே சாயங்காலத்தில் சேரும்.

அவர் வழுக்குவதாக எழுதியிருப்பது சரிதான். ஆனால் விட்டுவிட்டு மறுபடி போடும்போது உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. முன்பு போட்ட அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம், பியூப்ரநார்ஃபினை நிறுத்திவிட்டு இருப்பவருக்கு இன்னும் ஆபத்து. உதடு நீலம் பாயும், குறட்டை மாதிரி கரகரப்பு வரும், தட்டினாலும் எழமாட்டார். நீ எழுதியபடி ஆயா உப்புத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மகள் 108 கூப்பிடட்டும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, 5 நொடிக்கு ஒன்றாக வாயோடு வாய் ஊதட்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். அங்கே அபின் வகை மருந்தை முறிக்கும் நாலாக்சோன் ஊசி போட்டதும் சில நிமிடத்தில் கண் திறப்பார். உடனே வீட்டுக்கு அழைத்துப்போகிற மாதிரி எடுக்காதே. ஊசியின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், அதற்குப் பிறகு மூச்சு மறுபடி அடங்கலாம். விடிய விடிய உட்கார்ந்து பார்க்கணும்.

அந்த இரவுக்குப் பிறகும் அவர் மறுநாள் மையத்துக்குப் போகலாம், மறுபடி வெள்ளை அட்டையிலிருந்து தொடங்கலாம். பச்சை அட்டையை மகள் தன் ஜியாமெட்ரி பாக்ஸிலேயே வைத்திருக்கட்டும், திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

திருத்தி எழுதியதும் அனுப்பு. இடம் பார்க்க வருவதானால் ஞாயிறு காலை வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் காசிமேட்டுக்குள் வண்டியே நுழையாது. வார நாளில் விடியற்காலை 4 மணிக்கு வா, ஏலம் நடக்கும்போதே பார்த்துவிடலாம். பெண்ணைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தண்டையார்பேட்டைக்காரன்